ஐந்து மணிக்கு இருட்டும் மைதானம்

டிசம்பர் மாதத்தில் கார் நிக்கோபாரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். சென்னையில் அந்த நேரத்துக்குத்தான் பிள்ளைகள் பள்ளிப் பையை வீசிவிட்டு மைதானத்துக்கு ஓடத் தொடங்கியிருப்பார்கள். நாடு முழுமைக்கும் ஒரே கடிகாரம் என்பதால், வங்கக் கடலின் கிழக்கோரத்தில் கிடக்கும் இந்தத் தீவுகளுக்கு வெளிச்சம் முந்தி வந்து முந்தியே போய்விடுகிறது. டீசலை எரித்து மின்சாரம் எடுக்கிற ஊரில் ஆட்டநேரத்தைச் சூரியன்தான் முடிவு செய்யும். பந்தை மூன்று மணிக்கு உருட்டினால்தான் தொண்ணூறு நிமிடமும் ஆடி முடிக்கலாம். ஆட்டம் சமனில் நின்று கூடுதல் நேரம் போனால் கோல் கம்பமே மங்கலாகத்தான் தெரியும்.

கால்பந்தும் குடும்பமும் சின்ன ஊரும் சேர்ந்த ஒரு தொலைக்காட்சித் தொடர், விளக்கு வெளிச்சத்தையே தன் பெயராக வைத்துக்கொண்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் வந்தது. ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’. வெள்ளிக்கிழமை இரவுகளில் பள்ளி மைதானத்தில் எரியும் விளக்குகளைச் சொல்கிற தலைப்பு. 2006 அக்டோபரில் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கி 2011இல் முடிந்தது. ஐந்து பாகங்கள், 76 அத்தியாயங்கள். சின்ன ஊரையும் அதன் குடும்பங்களையும் இவ்வளவு நேர்மையாகக் காட்டிய தொடர் எந்த மொழியிலும் அதிகம் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். அந்தத் தொடரை நம் மண்ணில் எடுக்க வேண்டுமானால் எங்கே எடுப்பது? விடை தூத்துக்குடியிலோ வியாசர்பாடியிலோ இல்லை. கார் நிக்கோபாரில் இருக்கிறது.

டில்லன் என்கிற ஊர்

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே ஆடப்படுவது நம் கால்பந்து அல்ல. தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. கதை நடக்கும் டில்லன், டெக்சாஸ் மாநிலத்தில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஊர். அதன் வேர் உண்மையானது. எச்.ஜி. பிஸ்ஸிங்கர் என்ற பத்திரிகையாளர் 1988இல் குடும்பத்தோடு டெக்சாஸின் ஒடெஸா என்ற எண்ணெய்க் கிணற்று ஊருக்குக் குடிபோனார். பெர்மியன் உயர்நிலைப் பள்ளியின் அணியோடு ஒரு பருவம் முழுக்கச் சுற்றினார். 1990இல் அதைப் புத்தகமாக எழுதினார். எண்ணெய் விலை சரிந்து வேலை போன ஊர், தன் மானம் முழுவதையும் பதினேழு வயதுப் பையன்களின் தோளில் ஏற்றிவைத்திருந்ததை அவர் கண்டு எழுதியபோது, ஒடெஸாவில் பலருக்குக் கோபம் வந்தது. 2004இல் பீட்டர் பெர்க் அதைத் திரைப்படமாக்கினார். இரண்டு ஆண்டு கழித்து அவரே தொடருக்கும் வித்திட்டார். தொடரை ஐந்து பாகமும் நடத்திச் சென்றவர் ஜேசன் கேடிம்ஸ்.

முதல் அத்தியாயத்திலேயே ஊரின் செல்லப்பிள்ளையான ஜேசன் ஸ்ட்ரீட் களத்தில் விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு, இனி நடக்கவே முடியாதவன் ஆகிறான். அவன் இடத்துக்கு வருபவன் மேட் சாரசென் என்ற கூச்ச சுபாவப் பையன். அப்பா ஈராக் போரில். வீட்டில் நினைவு தப்பிக்கொண்டிருக்கும் பாட்டி. ஆட்டத்துக்குப் போகும் முன் பாட்டிக்கு மாத்திரை கொடுத்தோமா என்று அவன் யோசிக்க வேண்டும். பயிற்சியாளர் எரிக் டெய்லர் வேடத்தில் கைல் சாண்ட்லர். அவர் மனைவி டாமியாக கானி பிரிட்டன். பெரிய சண்டை இல்லாமல், துரோகம் இல்லாமல், சமையலறையில் பாத்திரம் துடைத்தபடி பேசிக்கொள்ளும் புருஷன் பெண்டாட்டியை வைத்து ஐந்து ஆண்டு தொடர் ஓட்ட முடியும் என்று காட்டினார்கள் அந்த இருவரும். நம் தொடர்களில் கணவனும் மனைவியும் நல்லபடியாக இருந்தால் மறுநாளே கதை தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை ஆழமாக ஊறியிருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு என்பதற்கு டெய்லர் வீடு சாட்சி.

படமாக்கிய விதமும் தனி. அரங்கம் போடாமல் ஆஸ்டின் நகரத்தைச் சுற்றியுள்ள உண்மையான வீடுகளிலும் கடைகளிலும் எடுத்தார்கள். தோளில் சுமந்த மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். ஒத்திகை கிடையாது, எங்கே நிற்பது என்று தரையில் குறியும் கிடையாது. வசனத்தை நடிகர்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி மாற்றிக்கொள்ளலாம். அதனால்தான் அந்த மனிதர்கள் பேசும்போது தடுக்குகிறார்கள், பாதியில் நிறுத்துகிறார்கள், பேச்சுக்குக் குறுக்கே பேசுகிறார்கள். பார்வையாளர் எண்ணிக்கை கடைசிவரை குறைவுதான். மூன்றாம் பாகத்திலிருந்து செயற்கைக்கோள் நிறுவனமான டைரக்டிவி செலவைப் பகிர்ந்துகொண்டதால்தான் தொடர் பிழைத்தது. 2011இல் சாண்ட்லருக்குச் சிறந்த நடிகருக்கான எம்மி விருதும், கடைசி அத்தியாயத்தை எழுதிய கேடிம்ஸுக்கு எழுத்துக்கான எம்மி விருதும் கிடைத்தன.

எனக்கு அதில் பிடித்தது மூன்றாம் பாகத்தில் வரும் ஒரு தகராறு. டாமி பள்ளி முதல்வராகிறாள். ஊர்ப் பணக்காரர்கள் மைதானத்தில் பிரம்மாண்டமான திரை வைக்கப் பணம் திரட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பணத்தை ஆசிரியர்களுக்கும் வகுப்புகளுக்கும் திருப்பலாமா என்று அவள் கேட்க, ஊர் கொதிக்கிறது. பயிற்சியாளரின் மனைவியே பந்தாட்டத்துக்கு எதிரியா? விளையாட்டைக் கொண்டாடும் தொடர் ஒன்று, விளையாட்டு ஓர் ஊரில் எவ்வளவு இடம் எடுத்துக்கொள்ளலாம் என்ற கேள்வியையும் அதே மூச்சில் கேட்கிறது.

தீவைக் கண்ட நம் கேமரா

அந்தமானைத் தமிழ்த் திரை பல முறை பார்த்திருக்கிறது. 1978இல் சிவாஜி கணேசனை வைத்து முக்தா சீனிவாசன் எடுத்த ‘அந்தமான் காதலி’க்கு அது காதலும் பிரிவும் நடக்கும் கடற்கரை. 1996இல் பிரியதர்ஷன் எடுத்து, தமிழில் ‘சிறைச்சாலை’ என்று வந்த படத்துக்கு அது செல்லுலார் ஜெயில். 2023 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த இந்தித் தொடர் ‘காலா பானி’க்கு அது கொள்ளைநோய் பரவும் இடம், அதற்காக ஓராக்கா என்ற கற்பனைப் பழங்குடியைப் படைத்தார்கள். மூன்றுமே தம் அளவில் உழைப்போடு செய்யப்பட்டவை. ஆனால் இவற்றைப் பார்த்த ஒருவருக்கு, அங்கே காலையில் பள்ளி மணி அடிக்கிறது என்பதோ, சாயங்காலம் பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள் என்பதோ, தேங்காய் விலை இறங்கினால் வீட்டில் பேச்சு குறைகிறது என்பதோ தெரிய வாய்ப்பே இல்லை. நாம் அங்கே தண்டனையையும் தேனிலவையும் தேடிப் போனோம். குடும்பத்தைத் தேடிப் போகவில்லை.

இத்தனைக்கும் அது நம் ஊர் மாதிரியான இடம். 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள்தொகை சுமார் 3,80,000. தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 15 சதவீதம். வங்காளிகளுக்கும் இந்தி பேசுவோருக்கும் அடுத்த இடம் தமிழர்களுக்குத்தான். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் தமிழ்வழிப் பள்ளிப் படிப்பு உண்டு. இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிவந்த தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றைக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தார்கள். கேம்ப்பெல் பேயில் 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் வந்து இறங்கின. போர்ட் பிளேரில் பதினொரு பேர் கொண்ட பள்ளி அணியை அமைத்தால், அதற்குள் ஐந்து மொழி இருப்பது சாதாரணம். மைதானத்தில் எல்லோரும் இந்தியில் கத்திக்கொள்வார்கள். வீட்டுக்குப் போனதும் அவரவர் அம்மாவின் மொழியில் சோறு கேட்பார்கள்.

நகரத்தின் முக்கியமான ஆடுகளமான நேதாஜி ஸ்டேடியத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1943 டிசம்பர் 30 அன்று சுபாஷ் சந்திர போஸ் கொடியேற்றிய ஜிம்கானா மைதானம்தான் அது. இன்று அதில் ஓடுகிற பையன்களுக்கு அது பாடப்புத்தகத்தில் வரும் இடமாகவும் இருக்கிறது, முட்டியைச் சிராய்த்துக்கொண்ட இடமாகவும் இருக்கிறது.

பள்ளியோடு வந்த பந்து

ஆனாலும் தொடரின் ஊராக நான் போர்ட் பிளேரைச் சொல்ல மாட்டேன். அங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 270 கிலோமீட்டர் கப்பலில் போனால் வரும் கார் நிக்கோபாரைத்தான் சொல்வேன். மலை என்று சொல்ல ஒன்றும் இல்லாத தட்டைத் தீவு. பரப்பு சுமார் 127 சதுர கிலோமீட்டர். மூஸ், மலாக்கா, பெர்க்கா, சாவாய், கிமியோஸ், தமலூ என்று பதினைந்து சொச்சம் கிராமங்கள். மக்களில் பெரும்பான்மையோர் நிக்கோபாரிகள், கிறிஸ்தவர்கள். 2011இல் மொத்தம் 17,841 பேர். நம் பேரூராட்சி ஒன்றின் அளவு.

இந்தத் தீவில் பள்ளி என்ற ஒன்றைத் தொடங்கியவர் ஒரு தமிழர். சென்னையிலிருந்து போன வேதப்பன் சாலமோன் என்ற உபதேசியார். 1890களின் நடுவில் அரசின் முகவராகவும் ஆசிரியராகவும் மூஸ் கிராமத்தில் தங்கினார். அவர் எழுதிய நாட்குறிப்பு அக்காலத்து அரசாங்க அறிக்கைகளில் அச்சாகியிருக்கிறது. தீவின் அன்றாடத்தைப் பற்றிய பழைய பதிவுகளில் முக்கியமானது அது. இப்படி ஒரு மனிதரைப் பற்றித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நாம் ஒரு வரிகூடச் சொல்லித்தருவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

சாலமோனிடம் படித்த மூஸ் கிராமத்துப் பையன் ஒருவன் பர்மாவுக்குப் போய் மாண்டலேயின் மிஷன் பள்ளியில் படித்தான். 1912இல் ஆசிரியராகத் திரும்பி வந்தான். அவர்தான் பின்னாளில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழிக்குக் கொண்டுவந்தவர். 1952இல் முதல் மக்களவைக்குத் தீவுகளின் சார்பில் நியமிக்கப்பட்டவர். 1965இல் பத்மஸ்ரீ, 1975இல் பத்மபூஷண். மாண்டலேயில் கற்றுக்கொண்ட கால்பந்தைத் தீவுப் பிள்ளைகளுக்குப் பழக்கியவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் தீவு இருந்தபோது, உளவாளிகள் என்று குற்றம் சாட்டப்பட்டு நிக்கோபாரிகள் பலர் கொல்லப்பட்டார்கள்; ரிச்சர்ட்சனும் தம் மகனைப் பறிகொடுத்தார். அந்தச் சாவுகளுக்குப் பிறகு ஊரைத் திரும்பக் கட்டி எழுப்பிய தலைமுறை, தேவாலயத்தையும் பள்ளியையும் பந்தையும் சேர்த்தே கட்டியது.

படகுப் போட்டியும் மல்யுத்தமும் நிக்கோபாரிகளுக்குப் பூர்வீக விளையாட்டுகள். கால்பந்து வந்தேறி. ஆனாலும் இன்று தீவின் மனம் கவர்ந்த ஆட்டம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு உரியது. மற்ற நாட்களில் மழை விட்டால் பந்து. வடகிழக்கும் தென்மேற்குமாக இரண்டு பருவமழையும் அடிக்கிற இடம் என்பதால் ஆண்டில் பல மாதம் மழைதான். வழுக்கும் புல்லில் ஆடிப் பழகிய கால்கள் அவை.

துஹேத் வீட்டு மிட்ஃபீல்டர்

டில்லனில் குடும்பம் என்றால் அப்பா, அம்மா, பிள்ளை. கார் நிக்கோபாரில் அப்படி இல்லை. அங்கே குடும்பத்தின் அலகு ‘துஹேத்’. பல வீடுகள் சேர்ந்த பெருங்குடும்பம். நிலமும் தென்னையும் பன்றியும் துஹேத்துக்குச் சொந்தம். தனி மனிதன் எதையும் விற்க முடியாது. மூத்தவர் ஒருவர் நடத்திச் செல்வார். கிராமத்துக்குத் தலைவர் உண்டு; அவரைக் கேப்டன் என்றுதான் அழைக்கிறார்கள். முதல் கேப்டன், இரண்டாம் கேப்டன், மூன்றாம் கேப்டன் என்று வரிசை உண்டு. அவர்களுக்கு மேலே பழங்குடி மன்றம்.

கல்யாணமானால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும் என்ற கட்டாயமும் அங்கே இல்லை. எந்தத் துஹேத்துக்கு உழைக்கும் கை தேவைப்படுகிறதோ, அங்கே தம்பதி போய்ச் சேரும். இரண்டு பக்கப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பார்கள். ஒரு திரைக்கதாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஓர் ஊர் அணியின் நடுக்களத்தைத் தாங்குகிற இருபத்திரண்டு வயதுப் பையன், அடுத்த ஊர்ப் பெண்ணைக் காதலிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பெண் வீட்டில் ஆண்துணை குறைவு. அவன் அங்கே போக வேண்டும் என்று பெரியவர்கள் தீர்மானிக்கிறார்கள். அடுத்த ஆண்டு அந்த இரண்டு ஊரும் இறுதியாட்டத்தில் மோதுகின்றன. அவன் எந்தச் சட்டையைப் போடுவான்? அவன் தம்பி எதிர் அணியின் கோல்கீப்பராக நின்றால்? இதில் வில்லனே தேவையில்லை. எல்லோரும் நல்லவர்கள், எல்லோர் பக்கமும் நியாயம்.

தமிழ்ப் பார்வையாளர் இப்படிப்பட்ட கதையை ரசிக்க மாட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. 2009இல் ‘வெண்ணிலா கபடிக்குழு’வை ஊர் ஊராகக் கொண்டாடினோம். 2024இல் தமிழரசன் பச்சமுத்து எடுத்த ‘லப்பர் பந்து’வில் கணவன் கிரிக்கெட் ஆடுகிற களத்தை மனைவி டிராக்டர் ஓட்டி உழுதபோது, அந்தக் கோபத்தில் எத்தனை வருடச் சமையலறை இருக்கிறது என்று தியேட்டரில் இருந்த ஒவ்வொருவருக்கும் புரிந்தது. மாமனார், மருமகன், மனைவி, மைதானம் என்ற நான்கு புள்ளிக்குள் அந்தப் படம் சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டரை மணி நேரத்தில் அவர்கள் தொட்டதை முப்பது அத்தியாயத்துக்கு விரிக்கலாம். ஓடிடி நிறுவனங்கள் தமிழில் தொடர் என்றாலே கொலையையும் அதைத் துப்பறியும் போலீஸ்காரரையும்தான் கேட்கின்றன. விளையாட்டும் வீடும் கலந்த தொடரை ஒரு முறையாவது நம்பிப் பார்க்க வேண்டும்.

அலைக்குப் பிறகு

2004 டிசம்பர் 26 காலை சுனாமி தட்டையான கார் நிக்கோபார்மீது மோதியது. கடலோரக் கிராமங்கள் துடைத்தெறியப்பட்டன. விமானப்படைத் தளத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களும் குடும்பத்தினரும் இறந்தார்கள். நிக்கோபார் மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் 42,068, 2011இல் 36,842. பிள்ளைகள் பிறந்துகொண்டே இருக்கும் ஊரில் பத்தாண்டில் ஐயாயிரம் பேர் குறைந்தார்கள் என்றால், அலை எடுத்துப்போனது எவ்வளவு என்று புரியும்.

போனது உயிர்கள் மட்டுமில்லை. கார் நிக்கோபார்க் கிராமங்களுக்குக் கடற்கரையில் ‘எல்பனம்’ என்ற பொதுவெளி உண்டு. பிறப்பு வீடும் இறப்பு வீடும் விருந்து மண்டபமும் அங்கேதான் இருந்தன. ஊர் கூடும் இடம் அது. அலைக்குப் பிறகு மக்களைத் தீவின் உட்பகுதிக்கு நகர்த்தினார்கள். முதலில் தகரக் கொட்டகை, பிறகு நிரந்தர வீடு. நிவாரணமும் ரேஷனும் வீடும் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் என்ற சிறு குடும்பத்தை அளவாக வைத்துக் கொடுக்கப்பட்டன. காசோலை ஒருவர் பெயரில் வந்தது. அதுவரை துஹேத்தின் பெயரில் வாழ்ந்தவர்களுக்கு, தனித்தனியாகக் கையில் பணம். நிக்கோபாரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மானிடவியலாளர் சிம்ரன் ஜித் சிங், உதவி செய்யப் போனவர்களின் அவசரமே அந்தச் சமூகத்துக்கு இரண்டாவது அடியாக விழுந்தது என்று தொடர்ந்து எழுதி வருகிறார். அவரோடு நான் முழுக்க உடன்படுகிறேன். பசித்தவனுக்குச் சோறு போடுவது கடமை. ஆனால் அவன் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவான் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இங்கேதான் மைதானத்துக்குப் புதிய கனம் கூடுகிறது. கடற்கரைப் பொதுவெளி போன பிறகு, ஒரு கிராமம் முழுவதும் வயது வித்தியாசமின்றி ஒன்றாக நிற்கும் இடங்கள் இரண்டு மூன்றுதான். தேவாலயம் ஒன்று. மைதானம் ஒன்று. கிராம அணி தோற்றாலும் ஜெயித்தாலும் பாட்டி முதல் பேரன் வரை வந்து நிற்கிறார்கள் என்றால், அது பந்தாட்டத்தைவிடப் பெரிய காரியம்.

அலையில் பிழைத்த பிள்ளைகள் விளையாட்டில் எழுந்தது தனி வரலாறு. டெபோரா ஹெரால்டுக்கு அப்போது ஒன்பது வயது. மரத்தைப் பற்றிக்கொண்டு பிழைத்தவர். பின்னாளில் சைக்கிள் பந்தயத்தில் உலகத் தரவரிசையின் முன்வரிசைக்கு வந்தார். நிக்கோபாரின் ஈசோ ஆல்பன் 2018இல் சுவிட்சர்லாந்தின் ஐகல் நகரில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் கெய்ரின் பிரிவில் வெள்ளி வென்றார். உலகச் சைக்கிள் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. தனியாக ஓட்டும் விளையாட்டில் இந்தத் தீவு உலகத்தைத் தொட்டுவிட்டது. குழுவாக ஆடும் விளையாட்டில் இன்னும் தொடவில்லை. அதற்குக் காரணம் காலில் இல்லை, கடலில் இருக்கிறது.

கப்பல் ஏறும் அணி

பள்ளிக் கால்பந்துக்கு இந்தியாவில் பெரிய மேடை சுப்ரோதோ கோப்பை. விமானப்படையின் முதல் இந்தியத் தளபதி ஏர் மார்ஷல் சுப்ரோதோ முகர்ஜியின் பெயரில் 1960 முதல் நடக்கிறது, நடத்துவதும் விமானப்படைதான். கார் நிக்கோபாரில் தன் மக்களை இழந்த அதே படை. ஒரு தொடர் எழுதுகிறவர் கண்டுபிடித்துச் சேர்க்க வேண்டிய அவசியமே இல்லாமல், வரலாறே இந்த முடிச்சைப் போட்டு வைத்திருக்கிறது.

அந்தக் கோப்பைக்கு ஒரு தீவுப் பள்ளி டெல்லி போக வேண்டும் என்றால் என்ன ஆகும்? கார் நிக்கோபாரிலிருந்து போர்ட் பிளேருக்கு ஓர் இரவுக் கப்பல். அங்கிருந்து விமானம் கிடைக்காவிட்டால் சென்னைக்கு மூன்று நாள் கப்பல். பிறகு டெல்லிக்கு இரண்டு இரவு ரயில். கடல் கொந்தளித்தால் கப்பல் தள்ளிப்போகும். கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்பது தீவுக்காரர்களின் வாழ்க்கையில் ஒரு பாதி. இவ்வளவும் தாண்டி, வாந்தி எடுத்துக் களைத்த பிள்ளைகள், ஜாம்ஷெட்பூரிலும் மிசோரமிலும் அகாடமியில் வளர்ந்த பையன்களுக்கு எதிராக நிற்க வேண்டும். டில்லன் அணி பேருந்தில் போகிற மூன்று மணி நேரத்தில் எத்தனை காதல், எத்தனை சண்டை வைத்தார்கள்! மூன்று நாள் கப்பலில் என்னென்ன வைக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். பங்க் வகுப்பில் படுத்துக் கிடக்கும் பதினாறு பையன்கள், ஒரு பயிற்சியாளர், மேல்தளத்தில் நடைப்பயிற்சி. ஒரு முழு அத்தியாயத்தைக் கரையே தெரியாமல் எடுத்துவிடலாம்.

பெரியவர்கள் ஆடும் சந்தோஷ் கோப்பையில் 2021 டிசம்பரில் கொச்சியில் ஓர் ஆட்டம் நடந்தது. கேரளாவுக்கு எதிராக அந்தமான் நிக்கோபார் அணி 9–0 என்று தோற்றது. செய்தித்தாள்களில் அது கேரளாவின் கோல் மழை என்று வந்தது. அதே கேரள அணிதான் அடுத்த மே மாதம் மஞ்சேரியில் வங்காளத்தை வென்று கோப்பையைத் தூக்கியது என்பதையும் சொல்ல வேண்டும். நாட்டிலேயே சிறந்த அணியிடம் தோற்றதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்பதாவது கோல் வாங்கிய பிறகும் நடுக்கோட்டுக்குப் பந்தை எடுத்துவந்து வைத்து ஆடிய அந்தப் பையன்களின் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசை. வெளியூர் அணிகள் அரிதாகவே வந்து ஆடும் தீவுகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். சொல்லிக்கொள்ளும்படி லீக் ஆட்டமோ ஸ்பான்சரோ கிடையாது, எதிரணியை வீடியோவில் பார்த்துத் திட்டம் போடும் வசதி கிடையாது. தோல்வியின் அளவுக்குக் காரணம் திறமை என்று சொல்வது அநியாயம்.

‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ நான்காம் பாகத்தில் எரிக் டெய்லரை ஊரின் ஏழைப் பக்கத்துப் பள்ளிக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். புல் முளைக்காத களம், கிழிந்த சட்டை, பாதிப் பேர் இதற்குமுன் ஆடியே இராதவர்கள். முதல் ஆட்டத்தில் பையன்கள் ரத்தம் சொட்டச் சொட்ட நிற்கும்போது, இடைவேளையிலேயே அவர் ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிடுவார். ஊர் அவரைக் கோழை என்கிறது. பையன்களுக்கே அவர்மேல் கோபம். ஒரு தோல்வியிலிருந்து நம்பிக்கையை மறுபடி தேற்றுவதற்கு அவருக்கு ஒரு பாகம் முழுக்கத் தேவைப்படுகிறது. நான் பார்த்த விளையாட்டுக் கதைகளிலேயே மிகச் சிறந்த பகுதி அது. கொச்சியின் 9–0 நமக்கு அந்த இடம்.

யார் எடுப்பது, எப்படி எடுப்பது

கார் நிக்கோபாருக்கு நினைத்தபடி கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அது காக்கப்பட்ட பகுதி. வெளியார் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சட்டம் தளரக் கூடாது என்பதே என் கருத்து. அந்தமான் பழங்குடியினரான ஜாராவாக்களைச் சாலையோரத்தில் ஆட வைத்து வீடியோ எடுத்த கேவலம் 2012இல் உலகம் முழுக்கத் தெரிந்தது. நிக்கோபாரிகள் நிலை வேறு. படித்தவர்கள், அரசு வேலையில் இருப்பவர்கள், தங்கள் விஷயத்தைத் தாங்களே பேசத் தெரிந்தவர்கள். ஆகவே அவர்களைக் கேட்டு, பழங்குடி மன்றத்தின் சம்மதத்தோடு, அவர்கள் எழுத்தில் பங்கெடுத்தால் மட்டுமே இந்தத் தொடர் எடுக்கப்பட வேண்டும். சம்மதம் இல்லை என்றால் விட்டுவிட வேண்டும். கிராமக் காட்சிகள் அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் போர்ட் பிளேரின் விடுதியில் தங்கிப் படிக்கும் நிக்கோபாரிப் பையன்களை வைத்தும், அவர்களோடு ஒரே அணியில் ஆடும் தமிழ், வங்காள, தெலுங்குப் பையன்களை வைத்தும் கதையைச் சொல்லலாம்.

மொழி விஷயத்தில் பயப்படத் தேவையில்லை. நிக்கோபாரிகள் வீட்டில் நிக்கோபாரி, மைதானத்தில் இந்தி, தமிழ்ப் பையன் வீட்டுக்குப் போனால் தமிழ். அப்படியே விட்டுவிட்டுக் கீழே எழுத்துப் போட்டால் போதும். கொரியத் தொடர்களை எழுத்தைப் படித்துக்கொண்டே இரவு இரண்டு மணிவரை பார்க்கிற வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ இருக்கின்றன.

ஒரு பெண்ணைக் கதையின் நடுவில் வைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாமி டெய்லர் இல்லாமல் டில்லன் கிடையாது. கடைசி அத்தியாயங்களில் அவளுக்கு ஃபிலடெல்ஃபியாவில் கல்லூரி வேலை கிடைக்கிறது. பதினெட்டு வருடம் கணவனின் வேலைக்காக ஊர் ஊராகப் போனவள், இந்த முறை அவன் தனக்காக வருவானா என்று கேட்கிறாள். அவன் யோசிக்கிறான், முரண்டு பிடிக்கிறான், கடைசியில் தான் ஜெயித்த ஊரை விட்டுவிட்டு அவளோடு போகிறான். உழைக்கும் கை எந்த வீட்டுக்குத் தேவையோ அந்த வீட்டுக்குத் தம்பதி போவது என்ற துஹேத் வழக்கத்தை நன்றாக அறிந்த கார் நிக்கோபார்ப் பெண்மணி ஒருவர் இந்தக் காட்சியைப் பார்த்தால், இதில் இவ்வளவு அழுகை எதற்கு என்று கேட்டாலும் கேட்பார். அவரை எழுத்தாளர் அறையில் உட்கார வைக்க வேண்டும்.

செலவுக்கும் வழி இருக்கிறது. போர்ட் பிளேரில் தூர்தர்ஷன் நிலையம் இருக்கிறது. வானொலி நிலையம் இருக்கிறது. தீவின் பிள்ளைகள் கைபேசியிலேயே ஆட்டங்களைப் படம் பிடிக்கிறார்கள். மூன்று கேமரா, உண்மையான வீடு, ஒத்திகை இல்லாத நடிப்பு என்ற டெக்சாஸ் வழி, பணம் குறைந்த இடத்துக்கே பொருந்தும். சென்னையிலிருந்து ஓர் இயக்குநர் போய் முதல் மூன்று மாதம் கேமராவைத் திறக்காமல் கிராமங்களில் ஆட்டம் பார்க்கட்டும். மூன்று மணிக்கு வந்தால் போதும். பயிற்சியாளர் வேடத்துக்கு நட்சத்திரத்தைத் தேட வேண்டாம். மழையில் விசில் ஊதிப் பழகிய உடற்கல்வி ஆசிரியர்கள் அந்தத் தீவில் இருக்கிறார்கள், முதலில் அவர்களைப் பேச விட்டுக் கேட்கட்டும்.